விரல் இடுக்கில் சாம்பார்

என்னிடம் பரிமாற வரும் ஆட்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம், இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் எதையும் கேட்காதே என்பதுதான். "சாம்பார் வேணுமான்னு கேட்டா நம்ம மானம் போச்சுலா. போட்டுக்கிட்டே போ. வேணாங்கிறவங்க கையால இலைய மறைப்பாங்க. மறைச்சா விரல் இடுக்குல ஊத்து." ஈப்போவில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று இருபது வருடமாகச் சமைத்துப் போடுகிறேன். இந்த ஒரு கொள்கையால்தான் என் பெயர் பாரிட் புந்தார் வரைக்கும் எட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெயர் எட்டியது சமையலால் இல்லை, உன் அகலத்தால் என்பார் என் வீட்டுக்காரர். அவர்தான் எங்கள் பரிமாறும் கோஷ்டிக்குத் தலைவர், அதனால் அவர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இப்படிப்பட்டவளின் தம்பி ஒரு நாள் எனக்குச் சோறே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதைத்தான் எழுத வந்தேன்.

தம்பி எனக்குப் பதினான்கு வயது இளையவன். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில் அம்மா விடிவதற்கு முன்பே பிரட்டில், அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுக்கக் கிளம்பிவிடுவார். அவனுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. அவன் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். நான் மூக்கைப் பிடிப்பேன். மூச்சு முட்டி வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஓர் உருண்டையை உள்ளே தள்ளிவிடுவேன். இதை ஒரு சாதனையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமும் சொன்னேன், அது பின்னால் வருகிறது.

வளர்ந்தவன் லாரி ஓட்டினான். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகும் லாரி. கல்யாணம் ஆகவில்லை, என் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். ஒரு காலையில் அவன் பசியாறிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து பிடித்துப் போனது. வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்பதல்ல. சாப்பிட்டு முடிக்கட்டுமே என்பதுதான். அந்தத் தட்டில் பாதி இடியப்பம் மிச்சம் இருந்தது, எனக்கு அதுதான் கண்ணில் நின்றது.

குண்டர் கும்பல் தொடர்பு என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். குற்றச்சாட்டு என்று எழுத்தில் ஒன்றும் வரவில்லை. குற்றம் சாட்டாமலேயே ஒருவனை அடைத்துவைக்க நம் நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதை நான் அதுவரைக்கும் பேப்பரில் மற்றவர் வீட்டுச் செய்தியாகப் படித்திருந்தேன். படித்துவிட்டு, "சும்மாவா பிடிப்பாங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இப்போது என் தம்பியைப் பற்றி அக்கம்பக்கத்தில் அதே வார்த்தையைச் சொன்னார்கள். அவன் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவனோடு சுற்றிய இரண்டு பேர் முகம் எனக்கே பிடித்ததில்லை. ஆனால் தப்பு செய்திருந்தால் இன்ன தப்பு என்று சொல்ல வேண்டும் அல்லவா? மாதங்கள் போயின. யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் எங்கள் வழக்கறிஞர் போன் செய்தார். சின்ன வயதுப் பெண், ஆனால் கெட்டிக்காரி.

"அக்கா, தம்பி சாப்பாட்ட நிறுத்திட்டாரு."

"ஏன், அங்க சாப்பாடு நல்லா இல்லியா?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். உண்ணாவிரதம். குற்றம் சாட்டு, இல்லாவிட்டால் வெளியே விடு என்பதுதான் கோரிக்கை. தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்துக்கொள்கிறான். நான்கு நாளாகிறது.

உண்ணாவிரதம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. விரதம் என்றால் என் துறை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் விரதம் முடிக்க என்னிடம்தான் வருவார்கள். அவர்களுக்கு என் கையால் சர்க்கரைப் பொங்கல் போட்டு அனுப்பாமல் நான் ஒரு தைப்பூசத்தையும் விட்டதில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிடுவது, பாலும் பழமும், கவிச்சி கிடையாது, இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவனுக்கு நான்கு நல்ல வார்த்தை சொல்லி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் டெலிபோன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மற்றபடி தெளிவாகத்தான் இருந்தான். நான் நலம் விசாரித்த கையோடு ஆரம்பித்தேன். நேற்று ஒரு கல்யாணத்துக்கு ஆட்டுக்கறிப் பிரட்டல் செய்தேன், எலும்பில் கறி நிற்கவில்லை. நண்டு ரசம் வைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் குண்டானை வழித்துக் குடித்தார்கள். உனக்குப் பிடித்த புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் நாளைக்கே செய்து வைக்கிறேன், நீ சரி என்று ஒரு வார்த்தை சொல். சொல்லச் சொல்ல எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. மத்தியானம் சாப்பிடாமல் வந்திருந்தேன்.

"அக்கா, மூணாம் நாளோட பசி போயிருச்சு," என்றான். "நீ பேசறதக் கேட்டாதான் வயித்தப் பெரட்டுது."

"உனக்கென்னடா வேணும்?"

"என்ன தப்புன்னு சொல்லட்டும். கோர்ட்டுக்குக் கொண்டு போகட்டும். ஜெயில்னு தீர்ப்பு சொன்னாக்கூட எத்தன வருஷம்னு எண்ணிக்கலாம்லா. இங்க எத எண்ணுறது?"

நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். நண்டு ரசத்துக்குத் திரும்பினேன். அவன் டெலிபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, நான் பேசி முடிக்கும் வரை வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் போலவே அடைபட்டிருந்த சிலருடைய குடும்பங்கள் சேர்ந்து, சிறை வாசலுக்கு எதிரே ஒரு நாள் பட்டினி இருப்பதாக முடிவு செய்தார்கள். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைக்கும். வழக்கறிஞர் என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு, நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும்," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கே விரதச் சோறு போடுகிறவளைப் பார்த்துச் சும்மா உட்காரச் சொல்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டு, நானும் இருக்கிறேன் என்று பெயர் கொடுத்தேன்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஐந்தரை மணிக்கு நான் நான்கு தோசை சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் நோன்பு மாதத்தில் விடிவதற்கு முன் எழுந்து சாப்பிடுகிறார்கள், அது நோன்பில்லையா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். நான்கில் ஒன்று நெய்த் தோசை. அதன் மேல் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் இனிப்பு நீர் மாத்திரையையும் வழக்கம் போல விழுங்கிவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் கூடாரத்தின் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்கு வெயில் கூடாரத்துக்குள் வந்தது. கை நடுங்கியது. பேனரில் இருந்த எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன், அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது நான்கு பேர் என்னைத் தூக்க முயன்று தோற்றுப்போய், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் என் வாயில் சீனித் தண்ணீரை ஊற்றினார். பன்னிரண்டாம் நாளாகச் சாப்பிடாத என் தம்பி உள்ளே தன் காலில் நின்றுகொண்டிருந்தான். ஐந்தரை மணிக்கு நான்கு தோசை சாப்பிட்ட அக்காவை வெளியே ஆறு பேர் சுமந்துபோனார்கள்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் படம் வந்துவிட்டது. தம்பிக்காகப் பட்டினி கிடந்த அக்கா மயக்கம் என்று தலைப்பு. வாய் பிளந்து கிடந்தேன், ஒரு செருப்பைக் காணோம். மார்க்கெட்டுக்குப் போனால் காய்க்காரம்மா கண் கலங்குகிறார். கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்கிறார்கள். "ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காம இருந்துச்சாம்" என்று என் காதுபடவே பேசினார்கள். நான் தலையைக் குனிந்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டேன். தோசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் பார்க்கப் போனபோது தம்பியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். உதடு வெடித்திருந்தது. டெலிபோனை எடுக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பேப்பர்ல பாத்தேங்கா," என்றான். "காலைல எத்தன தோச?"

"நாலு," என்றேன்.

அவன் சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது, வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகு என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. இவன் செத்துப்போய்விடுவான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரைக்கும் நான் அதை ஒரு பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், மூக்கைப் பிடித்தால் சரியாகிவிடும் பிடிவாதம்.

பதினேழாம் நாள் அவனை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நான் ஓடினேன். வார்டுக்கு வெளியே சிறை அதிகாரி ஒருவர் என்னை மரியாதையாக உட்காரவைத்து ஒரு போராங்கை நீட்டினார். மலாயில் அச்சடித்த பாரம். வாரிஸ், அதாவது நெருங்கிய சொந்தம் என்ற முறையில், மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்தும்படி குடும்பமே கேட்டுக்கொள்கிறது என்று அதில் இருந்தது. "அக்கா மனசு வச்சா தம்பிய காப்பாத்திடலாம்," என்றார் அவர், உடைந்த தமிழில். நான் பேனாவைக்கூட அவரிடம் கேட்கவில்லை. என் பையிலேயே இருந்தது. ஒரு கையெழுத்து கேட்ட இடத்தில் இரண்டு போட்டேன்.

பிறகு டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. என்னை "மாக்சிக்" என்று கூப்பிட்டார், அதாவது பெரிய மனுஷி, அத்தை மாதிரி. அதிலேயே எனக்குப் பாதி கோபம். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் பாரத்தை நான் ஏற்றுக்கொள்ள முடியாது, மாக்சிக். அவர் நினைவோடு இருக்கிறார். வயது வந்தவர், புத்தி தெளிவாக இருக்கிறது. சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் புரிகிறது. அவர் உடம்பைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும்."

"நீ டாக்டர்தானே? சாகவிடுவியா?"

"சாகவிடுவது என் ஆசை இல்லை. தினமும் காலையில் போய், இன்று சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறேன். தனியாகத்தான் கேட்கிறேன், காவலர்கள் இல்லாமல். வேண்டாம் என்கிறார். எழுதிக்கொள்கிறேன். மறுநாள் மறுபடி கேட்கிறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கேட்கிறாளாம்! கேட்டால் எவன் சாப்பிடுவான்? கேட்டுப் போடுவதும் ஒரு சோறா? இந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியவில்லை, நான் சொல்லித்தருகிறேன் என்று, சின்ன வயதில் அவன் மூக்கைப் பிடித்து நான் ஊட்டிய சாதனைக் கதையை எடுத்துவிட்டேன். கையால் என் மூக்கைப் பிடித்து நடித்தும் காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"விருப்பம் இல்லாதவருக்குக் குழாய் போட நாலு பேர் கையையும் காலையும் பிடிக்க வேண்டும், மாக்சிக். அவர் திமிறினால் குழாய் நுரையீரலுக்குள் போகலாம். நான் அதைச் செய்ய மாட்டேன். யார் கையெழுத்துப் போட்டாலும் செய்ய மாட்டேன்."

அதோடு இன்னொன்றும் சொன்னார். தம்பி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். தனக்கு நினைவு தப்பினால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அதை அவர்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்," என்று எழுந்து போய்விட்டார்.

நான் அவனைப் பார்க்கக் காத்திருந்தேன். அரை மணி கழித்துக் காவலர் வந்து, அவன் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றார். மறுநாளும் போனேன். மறுநாளும் அதேதான். அதிகாரி என் கையெழுத்தை அவன் முகத்துக்கு நேரே காட்டி, "ஒங்க அக்காவே போட்டுட்டாங்க, இனி என்ன?" என்று சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர்தான் விஷயத்தைச் சொன்னார். அவன் அதற்கப்புறம் அன்று முழுக்க உப்புத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

திரும்பி வரும்போது காரில் நான் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தேன். உயிரைக் காப்பாற்ற நினைத்தது தப்பா, வளர்த்தவளுக்கு உரிமை இல்லையா, நேற்று வந்த டாக்டருக்கு இருக்கிற உரிமைகூட இல்லையா என்று. என் வீட்டுக்காரர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"அவன் இலைய கையால மூடிட்டான்," என்றார். "நீ மேலயே ஊத்திக்கிட்டு இருக்க."

கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கிண்டல் இல்லாமல் சொன்ன ஒரே குறை அதுதான். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். என் மலாய் மார்க்கெட் மலாய். மீனுக்கும் வெங்காயத்துக்கும் போதும். "நான் போட்ட கையெழுத்து தப்பு, என் தம்பி வாயை என் தம்பியே பேசுவான்" என்கிற மாதிரி ஏதோ எழுதினேன். வீட்டில் வெள்ளைத்தாள் இல்லை, கைக்குக் கிடைத்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, மறுநாள் கடையில் இரு பக்கமும் நகல் எடுத்துக் கொண்டுபோய் டாக்டரிடம் ஒன்றும் அதிகாரியிடம் ஒன்றுமாகக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம், வரப்போகும் ஒரு கல்யாணத்துக்கான சாமான் பட்டியல். ஆட்டிறைச்சி நாற்பது கிலோ, கொழுப்பு இல்லாமல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கும் சேர்த்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

அந்தத் தாளை டாக்டர் தம்பியிடம் காட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் படித்தானாம். அடுத்த நாள் என்னை உள்ளே விட்டார்கள்.

ஒரு கையைக் கட்டிலோடு விலங்கு போட்டிருந்தார்கள். ஓடிப்போக அவனுக்குக் கால் இருந்தது, தெம்பு எங்கே இருந்தது? தலையைத் தூக்கினால் மயக்கம் வருகிறது என்றான். ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிகிறது என்றான். "ஒன்னய ரெண்டாப் பாக்க இந்த வார்டு பத்தாதுக்கா." நான் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் ஐஸ் மாதிரி இருந்தது. சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் இருந்த ஒரே உண்மையான விரதம் அந்த அரை மணி நேரம்தான்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் வழக்கறிஞர் போன் செய்தார். அவனை ஏன் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று நீதிபதி விசாரிக்கத் தேதி கொடுத்துவிட்டார். தம்பி சாப்பிட ஒப்புக்கொண்டுவிட்டான். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் போனை வைத்துவிட்டேன்.

பச்சரிசியைக் களைந்தேன். பாசிப்பருப்பை வறுத்தேன். வெல்லத்தைப் பாகாக்கி, நெய்யை ஊற்றி, முந்திரியும் திராட்சையும் மிதக்க மிதக்க ஒரு சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். காவடிக்காரர்களுக்கு வைப்பதைவிட ஒரு மடங்கு கூடுதல் நெய். ஒரு தூக்குச் சட்டி நிறைய. ஓரத்தில் உளுந்து வடை ஆறு. இருபத்து மூன்று நாள் பாக்கியை ஒரே வேளையில் ஈடுகட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன்.

வார்டு வாசலில் டாக்டர் மூடியைத் திறந்தார். நெய் வாசனை தாழ்வாரம் முழுக்கப் பரவியது. காவலர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது என்ன, மாக்சிக்?"

நான் பெருமையாக விளக்கினேன். விரதம் முடிக்க நாங்கள் இதைத்தான் கொடுப்போம், இருபது வருட அனுபவம்.

டாக்டர் மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினார். "இவ்வளவு நாள் ஒன்றுமே சாப்பிடாதவருக்கு இதைக் கொடுத்தால், இவ்வளவு இனிப்பையும் சோற்றையும் கையாள ரத்தத்தில் இருக்கிற உப்புச்சத்து எல்லாம் திடீரென்று இறங்கிவிடும். இதயம் நின்றுபோகலாம். பட்டினியில் பிழைத்தவர்கள் முதல் சாப்பாட்டில் செத்திருக்கிறார்கள். முதலில் வைட்டமின் ஊசி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான்."

காவடிக்காரன் ஒருவேளையாவது சாப்பிடுகிறான், பால் குடிக்கிறான். இவன் ஒன்றுமே சாப்பிடவில்லை. இந்த வித்தியாசம் ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பந்தியில் இனிப்பு நீர்க்காரர்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிறையால் முடியாததை, இருபத்து மூன்று நாள் பட்டினியால் முடியாததை, நான் ஒரு தூக்குச் சட்டியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தேன். அவன் இலையை மறைத்திருந்தாலும் விரல் இடுக்கில் ஊற்றியிருப்பேன்.

பொங்கலை நர்சுகளும் காவலர்களும் சாப்பிட்டு முடித்தார்கள். ஒரு காவலர் வந்து கூட்டுப் பக்குவம் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன், பழக்கதோஷம்.

அதற்கப்புறம் பத்து நாள் அவனை அங்கேயே வைத்திருந்தார்கள். தினமும் ரத்தம் எடுத்தார்கள். முதலில் ஏதோ பால் மாதிரிச் சத்துத் தண்ணீர், பிறகு இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று ஏறியது. கடைசி நாளுக்கு முதல் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக் கஞ்சி ஒரு கிண்ணம் கொண்டுவரலாம் என்று அனுமதி கொடுத்தார். உப்புப் போட்ட வெறும் கஞ்சி. தாளிப்பு கிடையாது, தேங்காய் கிடையாது. வைக்கும்போது கை அரித்தது. ஒரு துளி நெய்கூடப் போடவில்லை என்று வீட்டுக்காரரைச் சாட்சிக்கு நிற்கவைத்தேன்.

அவன் கை இன்னும் நடுங்கியதால் நான் ஊட்டினேன். அவனாகவே வாயைத் திறந்தான். ஏழு கரண்டி சாப்பிட்டான். எட்டாவது கரண்டியை நான் எடுத்தபோது, விலங்கில்லாத கையைத் தூக்கிக் கிண்ணத்தின் மேல் வைத்து மூடினான். விரல்களுக்கு நடுவில் இடைவெளி நிறைய இருந்தது. அவ்வளவு மெலிந்திருந்தான்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. கிண்ணத்தில் பாதிக் கஞ்சி மிச்சம் இருந்தது. என் வயதுக்கு நான் எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன், ஒருவரிடமும் கேட்டதில்லை.

"போதுமாடா?" என்று கேட்டேன்.

"போதும்கா."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் குடுத்தேன், தெரியுமா?"

"தெரியும். என்ன எழுதின?"

"நெனவு தப்பினாலும் ட்யூப் போடக் கூடாதுன்னு. அப்ப எனக்குப் பேச முடியாதுல்ல, எனக்காக யாரு பேசணும்னு பேர் எழுதச் சொன்னாங்க. ஒன் பேரத்தான் எழுதினேன். நீ போராங்ல சைன் போட்ட அன்னிக்கி அந்தப் பேர அடிச்சிட்டேன்."

நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"அந்த ஆட்டெறச்சி லெட்டர் வந்துச்சுல்ல. படிச்சிட்டு மறுபடி எழுதிட்டேன்."

மறுநாள் அவனைத் திரும்பச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதி கொடுத்த தேதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இதை எழுதும் இன்றுவரை அவன் மேல் என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. தேதி இன்னொரு முறை தள்ளிப்போனால் மறுபடி சாப்பாட்டை நிறுத்துவேன் என்கிறான்.

அந்தக் கடிதம் இன்னும் டாக்டரிடம் இருக்கிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. அவனுக்குச் சோறு போடாதீர்கள் என்று சொல்ல வேண்டிய நாள் வந்தால், அதை நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. போதும் என்பதைக் கேட்டுப் பழகுவதற்காகப் போன வாரக் கல்யாணத்தில் நானே கரண்டியைப் பிடித்துக்கொண்டு பந்தியில் நடந்தேன். ஒரு பெரியவர் இலையைக் கையால் மறைத்தார். "போதுமாங்கய்யா?" என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு, போதும் என்றார். நான் அடுத்த இலைக்குப் போனேன்.